கூட்டம் டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியச் சகோதரிகளே, மருந்தகத்தையும் சமையற்கூடத்தையும் அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே, கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! துணைவியை இழந்தும் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும், நம் மருத்துவர் அம்மையாரின் கணவர் ஐயா அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் இங்கே இயன்முறை மருத்துவன். தள்ளாடுபவர்களை நடக்க வைப்பது என் வேலை.

மறைந்த புற்றுநோய் மருத்துவர் அம்மையாரை நாம் என்ன சொல்லி அழைத்தோம்? 'கூட்டம் டாக்டர்'! முதலில் அது கேலிப் பெயர். வயதான நோயாளி ஒருவர் வந்தால் போதும். மருந்தாளர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர், செவிலியர், நான், எல்லோரையும் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உட்கார வைத்துவிடுவார். "ஒரு பெரியவருக்கு இத்தனை பேரா? கல்யாணம் பேசப் போறீங்களா?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? அதே அறையில் இடம் பிடிக்க முண்டியடித்தார்கள்!

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர். குடலில் இருந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. அது திரும்பி வராமலிருக்க இரண்டு மருந்துகள் ஏற்றுவது வழக்கம். "இந்த வயசுல எதுக்கு டாக்டர் அப்பாவைப் படுத்தணும்? விட்டுடலாமே" என்றார் மகன். "கொடுத்தா ரெண்டு மருந்தையும் முழுசாக் கொடுக்கணும்" என்றார் இன்னொரு மருத்துவர். நம் அம்மையாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க."

பெரியவர் தன் கைகளைப் பார்த்தார். "என் வீட்டுக்காரிக்கு ஒரு பக்கம் கை கால் வராதும்மா. நான்தான் தலை வாரிப் பின்னி விடுறேன். வேற யார் கை வச்சாலும் அவளுக்குப் பிடிக்காது. எனக்கு விரல் நல்லா இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மகன் திகைத்துப்போனார். "இதை என்கிட்ட சொன்னதே இல்லையேப்பா!"

"நீ எப்படா கேட்ட?"

அன்றே கூட்டம்! அந்த இரண்டு மருந்துகளில் ஒன்று விரல்களை மரத்துப்போகச் செய்யும். இந்த வயதில் அதனால் கிடைக்கும் கூடுதல் பலனும் குறைவு. "கை போச்சுன்னா, நாம ஜெயிச்சும் தோத்த மாதிரிதான்" என்று சொல்லி அதை நீக்கினார் அம்மையார். ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு பெயர்களில் பெரியவர் விழுங்கி வந்ததை மருந்தாளர் கண்டுபிடித்தார்; ஒன்றை நிறுத்தியதும் அவருடைய தலைச்சுற்றல் நின்றது. உணவியல் நிபுணர் உடம்பைத் தேற்றினார். நான் படியேறப் பழக்கினேன். மருந்து ஏற்றும் நாட்களில் தாயைப் பார்த்துக்கொள்ள மகனைப் பழக்கினார் ஆலோசகர்.

எல்லாம் சுலபமாகவா நடந்தது? இல்லை! நடுவில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். பெரியவர் துவண்டு விழுந்தார். "போச்சு டாக்டர், எல்லாம் போச்சு!" என்று மகன் வராந்தாவில் அழுதார்.

"ஒண்ணும் போகல தம்பி. கண்ணைத் துடைச்சுட்டுக் கூட்டத்துக்கு வாங்க. நீங்களும் இந்தக் குழுவுல ஒருத்தர்."

மருந்தை நிறுத்தினோம். உடம்பு தேறியதும் அளவைக் குறைத்துத் தொடர்ந்தோம். முடித்தோம்! நோய் இன்றுவரை திரும்பவில்லை. அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் அந்த ஓட்டுநர் ஐயா! பக்கத்தில் அவருடைய துணைவியார். அந்த அம்மாவின் பின்னலைப் பாருங்கள்! ஒரு முடி பிசகியிருக்கிறதா?

தோழர்களே! வயதைக் கேட்டதும் கைகழுவிய காலத்தை முடித்துவைத்தவர் நம் கூட்டம் டாக்டர். அவர் இதயம் நின்றிருக்கலாம்; அவர் தொடங்கியது நின்றதா? அடக்கம் முடிந்த மறுநாளே கூடினோம், அழுத முகத்தோடு இரண்டு பெரியவர்களுக்குச் சிகிச்சையை முடிவு செய்தோம். பக்கத்து ஊர் மருத்துவமனை இதேபோல் ஒரு குழு அமைக்க நம்மை அழைத்திருக்கிறது. அடுத்த வாரம் நம் மருந்தாளரும் தலைமைச் செவிலியரும் புறப்படுகிறார்கள்!

இப்போது மௌனமாக எழுந்து நிற்க வேண்டாம். கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பவரை அம்மையாருக்குப் பிடிக்கவே பிடிக்காது! உரக்கச் சொல்லுங்கள். அவர் தொடங்கிய பணியை நடத்துவோமா?

நடத்துவோம்!

வாசலில் நிற்கும் வண்டிக்காரர்களுக்கும் கேட்கட்டும்!

நடத்துவோம்!