கௌனஸ் பனித்தளத்தில் நோயெமிக்கு நீட்டிய கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே, இந்தப் பனித்தளத்தைக் கட்டிக்காக்கும் பயிற்சியாளர் ஜெனோவைதே அம்மையார் அவர்களே, நோயெமியின் கையைப் பத்தாண்டுகள் விடாமல் பற்றி உடன் ஆடிய தம்பி இக்னாஸ் அவர்களே, இருள் பிரியாத காலையிலே பிள்ளைகளை எழுப்பி இழுத்துவந்து, கம்பளிக்குள் சுருண்டு காத்திருக்கும் தாய்மார்களே, இன்றைக்குக் கூடைப்பந்து ஆட்டம் இல்லை என்பதால் வந்திருக்கும் பெரியோர்களே, இந்தத் தளத்திலே பனி தேய்க்கும் வண்டி ஓட்டுகிற விக்தோராஸின் பணிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள் ஐயா, உண்மையைத்தான் சொன்னேன். பந்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காத பட்டணத்துக்கு, பாதத்திலே கத்தி கட்டி ஆடவந்தாளே ஒரு பெண்! கனடாவிலே பிறந்தாள், கௌனஸிலே வளர்ந்தது அவள் புகழ். கியூபெக்கின் மகள், லிதுவேனியாவின் கொடியைத் தோளிலே போர்த்தினாள். எட்டு முறை நம் நாட்டின் பனி நடன வாகை சூடிய நோயெமி, இன்று போட்டிகளிலிருந்து விடைபெறுகிறாள். அவள் வென்ற கதையைத் தலைவர் சொல்லிவிட்டார். அவள் நம்மை விட்டுப் போகவிருந்த கதையை நான் சொல்கிறேன்.

வந்த புதிது. பயிற்சிக்கு முன் பயிற்சியாளரின் கையைப் பற்றிக்கொள்வது அவள் வழக்கம். பனியில் நின்றபடி, தடுப்புக் கதவுக்கு மேலாகக் கையை நீட்டுவாள். வெளியே நிற்கும் அம்மையார் என்ன செய்வார்? தம் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்வார். வாசலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று கை குலுக்கினால் உறவு முறியும் என்று அஞ்சுகிற கூட்டமல்லவா நாம்? அதை அந்தப் பெண்ணிடம் சொன்னவர் யார்? ஒருவரும் இல்லை. மூன்று வாரம் கையை நீட்டினாள். மூன்று வாரமும் வெறுங்கையை மடக்கிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வண்டியருகே வந்து நின்றாள்.

“நாளைக்கு ஊருக்குப் போறேண்ணே. டிக்கெட் எடுத்துட்டேன்.”

“ஏம்மா, நம்ம சாப்பாடு ஒத்துக்கலையா?”

“பீட்ரூட் சூப்பை ரெண்டு கிண்ணம் குடிக்கிறேன். கோச்சுக்குத்தான் என்னைப் பிடிக்கல. கையைக்கூடத் தொட மாட்டேங்கிறாங்க.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அம்மையாரிடம் ஓடிச் சொன்னேன்.

“அடக் கடவுளே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

அம்மையார் நேராகத் தளத்துக்கு நடந்தார். கதவைத் திறந்து, போட்டிருந்த ஷூவோடு பனியில் இறங்கிவிட்டார். நானோ அப்போதுதான் தளத்தைத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தேன். முதலடி வைத்தார், இரண்டாம் அடி வைத்தார், மூன்றாம் அடியில் தடாலென்று உட்கார்ந்தார். இதோ, இப்போதும் அம்மையார் என்னை முறைக்கிறார், முறைக்கட்டும். நோயெமி பதறிப் பறந்து வந்தாள். விழுந்த இடத்திலிருந்தே அவர் கையை நீட்டினார்.

“இப்ப நீயும் நானும் ஒரே பக்கம். குடு கையை.”

மறுநாள் விமானம் போனது. நோயெமி போகவில்லை.

ஒலிம்பிக்கில் பதினான்காம் இடம் பிடித்தாள். பதக்கம் எங்கே என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. சொல்கிறேன் தம்பி. நம் கொடியோடு அந்தப் பனியில் இறங்க, பிறந்த நாட்டின் குடியுரிமையையே அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் செய்வோம் அதை? தகப்பனார் தொலைபேசியில் கேட்டாராம்: “எல்லாத்தையும் விட்டுட்டு, நாளைக்கு அங்க நீ விழுந்தா, உனக்கு யாரும்மா இருக்கா?”

அருகிலிருந்த இக்னாஸ்தான் அவள் சொன்ன பதிலை எனக்குச் சொன்னான்.

“நான் விழறதுக்கு முன்னாடியே எனக்காக ஒருத்தங்க விழுந்துட்டாங்கப்பா.”

நாமா அவளுக்கு நாடு கொடுத்தோம்? நாமா உரிமை கொடுத்தோம்? அவளல்லவா தன்னையே நமக்குக் கொடுத்தாள்! இனி இதே தளத்தில் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப் போகிறாள் என்பதில் எனக்கு உள்ளம் நிறைந்த மகிழ்ச்சி. இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. அவளுடைய முதல் வகுப்புக்குத் தளத்தைத் தேய்க்க வேண்டும், வண்டிக்குப் போகிறேன். வணக்கம்.