நமத்த வெடி

சிவகாசிப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் அண்ணனிடம் சொன்னாள்: "எதிர்ப்புச் சக்தி கம்மியாப் பிறந்த பிள்ளைக்கு, அதை இன்னும் குறைக்கிற மாத்திரை எழுதியிருக்காக. மூணு நாளா நான் குடுக்கலைண்ணே."

அவள் மடியில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

"காரணம் சொன்னாகளாத்தா?"

"இவ ரத்த அணுவுக்குக் கிருமியைக் கொல்லவும் தெரியலையாம், சண்டையை நிறுத்தவும் தெரியலையாம். அதான் குடல் புண்ணாம்."

அண்ணன் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். "நமத்த வெடி வெடிக்காது, புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். சும்மா விட்டுருவியா?"

"தண்ணி ஊத்துவேன்."

"அந்தத் தண்ணிதான் இந்த மாத்திரை. டாக்டருக்குப் போனைப் போடு."

மருத்துவர் திட்டியது எனக்கும் கேட்டது. நியாயமாகத்தான் திட்டினார். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து மகளுக்கு இட்லி ஊட்டிவிட்டு, மாத்திரையை எடுத்தாள்.

"கசக்குமா மாமா?" என்றது பிள்ளை.

"டாக்டர் உங்கம்மாவுக்குப் போன்ல குடுத்த டோஸ் அளவுக்குக் கசக்காது."