ஏழாம் விமானத்தில் ஓர் இருக்கை

எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. என் மேசை இழுப்பறையைச் சோதித்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்த பென்சில்கள் நாற்பதாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றைப் பிடியாகச் செருகி, கரி தீரும்வரை எழுதுவேன். என் மகள் என்னைக் கஞ்சன் என்பாள். கஞ்சத்தனம் வேறு, இது வேறு. விமானத்துக்கு இறக்கை வரைகிறவன் ஒரு கிராம் எடையைக்கூட வீணாக்கக் கூடாது. முப்பது வருடம் அதையே செய்தால் சுபாவமும் அப்படித்தான் ஆகும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன். அந்த நோட்டை எனக்கு எதிரே மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அதைத் தொடவில்லை. நீல அட்டை, நனைந்து காய்ந்து உப்பியிருக்கிறது. யாருடைய நோட்டு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலை செய்தது ஒரே ஒரு வகை விமானம். பத்தொன்பது பயணிகள் உட்காரலாம். பெரிய நாடுகளின் பெரிய கம்பெனிகளில் ஓர் இறக்கையை வடிவமைக்க நானூறு பேர் இருப்பார்கள். நாங்கள் ஒன்பது பேர், நான் அவர்களுக்குத் தலைவன். பதினோரு வருடம் அந்த இறக்கையோடு குடித்தனம் நடத்தினேன். என் மனைவி படுத்த படுக்கையாக இருந்த கடைசி ஆறு மாதமும் நான் ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட வரைபட அறையில் இருந்ததுதான் அதிகம். அவள் போன பிறகு, இந்த இறக்கையும் தோற்றுவிட்டால் எல்லாமே வெறும் பாவம்தான் என்கிற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. என்னை மன்னிக்க வேண்டாம். இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

விமானத்தை விற்க அனுமதி வேண்டுமானால் ஓர் இறக்கையை ஒடித்துக் காட்ட வேண்டும். வானத்தில் வரக்கூடிய மிக அதிகமான பாரத்தை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்று ஐம்பது வரை ஏற்றியும் இறக்கை மூன்று விநாடி தாங்க வேண்டும். அதற்குமேல் ஒடிந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்குதான்.

எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை நாள் காலையில், இறக்கை எந்த எண்ணில் ஒடியும் என்று ஆளாளுக்குக் கரும்பலகையில் எழுத வேண்டும். யாருடைய எண் நெருங்கி வருகிறதோ அவருக்கு ஒடிந்த இறக்கையிலிருந்து முதல் ரிவெட்டை, அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணியை, வெட்டித் தருவார்கள். நான் எப்போதும் நூற்று ஐம்பது என்றுதான் எழுதுவேன். வரைந்தவனே குறைத்து எழுதினால் பெற்ற பிள்ளையைத் தானே பழித்த மாதிரி ஆகிவிடும்.

முதல் சோதனையன்று நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதியவர் அளவு அக்கா. உலோகக் கிடங்கில் வந்திறங்கும் ஒவ்வொரு தகட்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. பதிவேட்டில் எழுதியதை நம்பாமல், சொந்த நோட்டு ஒன்றிலும் எழுதி வைத்துக்கொள்வார். அதுதான் இந்த நீல அட்டை.

"வாயைக் கழுவுங்கக்கா" என்றேன்.

"நான் என்ன தம்பி பண்றது? இந்தத் தடவை வந்த தகடெல்லாம் இளைச்சுப்போய் வந்திருக்கு."

இறக்கை நூற்று நாற்பத்து மூன்றில் ஒடிந்தது. எங்கள் விமானத்தைத் தங்கள் நாடுகளில் செய்ய உரிமம் வாங்கலாமா என்று பார்க்க, மூன்று வெளிநாட்டுக் கம்பெனிகளிலிருந்து வடிவமைப்பாளர்கள் வந்திருந்தார்கள். மூவரும் தங்கள் கோப்புகளை மூடினார்கள். அதில் ஒருவர் போகிற போக்கில் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்தத் தட்டலை மறக்க முடியவில்லை.

எங்கள் மேலாளருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார். அன்றைக்கு முகத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை. மூணு மாசம் டைம். அதுவும் போச்சுன்னா கதவைப் பூட்டிட வேண்டியதுதான். ஆயிரத்து இருநூறு பேர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்குங்க" என்றார்.

இறக்கையைத் திருத்தி வரைய ஒரு வருடம் வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் ஒரு தலைமுடிப் பருமன் கூடலாம், குறையலாம். அதையும் விதியே அனுமதிக்கிறது. நான் கிடங்குக்குப் போய், கூடுதலாக இருந்த தகடுகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொரு தகடும் சட்டப்படி சரி. பதம் பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாக வெந்த சோற்றை எடுத்து நீட்டினேன், அவ்வளவுதான்.

அக்கா சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டே கேட்டார்: "தடிச்சதையெல்லாம் ஒரே இறக்கைக்கு அள்ளிட்டுப் போயிட்டா, மிச்சத்தை யார் தலையில கட்டுவீங்க?"

"அடுத்த லோடு வந்ததும் கலந்துடலாம்க்கா."

அப்போது அதை உண்மையாகவே சொன்னேன்.

இரண்டாவது சோதனையன்று அக்கா எழுதிய எண் நூற்று ஐம்பத்திரண்டு. இறக்கை நூற்று ஐம்பதில் மூன்று விநாடி நின்றது, நூற்று ஐம்பத்திரண்டில் ஒடிந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றினார்கள். நான் எல்லார் முன்னாலும் தேம்பி அழுதேன். தனக்குக் கிடைத்த ரிவெட்டை அக்கா என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "வெச்சுக்குங்க தம்பி. இவ்வளவு பாடு பட்டது நீங்கதானே."

அடுத்த லோடு நேரத்துக்கு வரவில்லை. முதல் ஆறு விமானங்களை எப்படியோ கலந்து கட்டிச் சமாளித்தோம். ஏழாவதை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியபோது கிடங்கில் இருந்தவை இளைத்த தகடுகள் மட்டுமே. எல்லாம் அதன் இடது இறக்கைக்குப் போயின. அதுவும் சட்டப்படி சரி. நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருடம் அது பறந்தது. போன வருடம் விமான சேவைக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது; தங்கள் விமானம் ஒன்றில் இடது இறக்கையின் அடியில் ரிவெட்டுகளைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிகிறதாம். தகடுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, ரிவெட் தளர்கிறது என்று அதற்கு அர்த்தம். வாங்குகிறவர்கள் விமானத்தின் வாலில் தங்கள் எழுத்துகளை எழுதிக்கொள்வார்கள்; எந்த எழுத்து எங்களுடைய எத்தனையாவது விமானம் என்கிற பட்டியல் என் இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏழு.

இறக்கி வைத்துச் சோதியுங்கள் என்று எழுதினால், ஏன் இடது இறக்கை மட்டும் என்று கேட்பார்கள். பிறகு தகட்டைக் கேட்பார்கள். பிறகு சோதனையைக் கேட்பார்கள். அதுவரை விற்ற இருபத்தாறு விமானங்களும் தரையில் நிற்கும். "துடைத்துவிட்டுக் கவனித்து வரவும்" என்று பதில் எழுதினேன். மாதாமாதம் தூள் வந்தது. மாதாமாதம் அதே பதிலை எழுதினேன்.

தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு என்று அந்தச் சேவைக்காரர்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் தலைநகர் விமானத்தில் ஓர் இடம் தருவார்கள். யாருக்கு என்று எழுதிக் கையெழுத்திடுகிறவன் நான். அந்த வாரம் என் மகளின் பெயர் இருந்தது. வேலைக்கு நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை காலையில் அவள் பெயரை அடித்துவிட்டு ரயிலில் போகச் சொன்னேன். மேலே ஏறினால் அவளுக்குக் காது வலிக்கும்.

அன்று மதியம் அக்கா வந்தார். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர், அலமாரியை ஒழிக்கும்போது பழைய நோட்டைப் புரட்டியிருக்கிறார். ஏற்கெனவே போன வாரமும் இதே பேச்சோடு வந்திருந்தார்.

"ஏழுக்கு மறுபடியும் கணக்குப் போட்டேன் தம்பி. நூத்தி முப்பத்தாறுதான் வருது. மூணு நாளா சோறு இறங்கல."

"நான் பாத்துக்கறேன்க்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. உங்களைக் காட்டிக் குடுக்கணும்னு எனக்கு ஆசையா? அந்த ஒண்ணை மட்டும் இறக்கிப் பாக்கச் சொல்லணும். நானே தலைநகர் அனுமதி ஆபீசுக்குப் போய் நோட்டைக் காட்டிடறேன். ரயில்ல ஒரு நாள் பூரா உக்காரணும், அதுக்குத்தான் முழங்கால் ஒத்துழைக்கல."

"புதன்கிழமை விமானத்துல ஒரு இடம் இருக்கு. போறீங்களா?" என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகப்பட்டு அல்ல, ஐயா. அவர் கண் கலங்கியிருந்தது. தன்மேல் புகார் சொல்லப் போகிறவளையே அனுப்பி வைக்கிறானே என்று நினைத்திருப்பார்.

"அது ஏழு இல்லையே?"

"இல்லக்கா" என்றேன்.

அது ஏழுதான். திங்கட்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும்.

நூற்று முப்பத்தாறு என்பது நூறைவிட அதிகம். இதைத்தான் செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் தாங்கியது இன்னும் ஒரு நாள் தாங்காதா? அது போய் இறங்கியிருந்தால் அக்கா என்னைக் காட்டிக் கொடுத்திருப்பார், நானும் தப்பித்திருப்பேன். அப்படியும் ஓர் ஆசை எனக்கு இருந்தது. நம்பினால் நம்புங்கள்.

புதன்கிழமை ஒன்பது பத்துக்குப் புறப்பாடு. எட்டு ஐம்பதுக்கு விமான நிலையத்துக்குப் போன் போட்டேன். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பயமாக இருந்தது, ஐயா. வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. மறுபடி போட்டேன். ஒரு பெண் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றாள். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நான், விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று கேட்டேன்.

"கரெக்ட் டைம்தான் சார்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் பதினைந்து நிமிடம் இருந்தது. நான் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

மேகத்துக்குள் நுழைந்து குலுங்கியபோது இடது இறக்கை போயிற்று. இருபத்தொரு பேர். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மகளுக்குக் காது வலி என்று நேற்று உங்களிடமும் சொன்னேன். இதற்குள் அவளையே கேட்டிருப்பீர்கள். அவளுக்குக் காது வலி வந்ததே இல்லை. சின்ன வயதில் ஜன்னலோர இருக்கைக்காக என்னோடு சண்டை போடுவாள். நான் ஏன் அவளை ரயிலில் அனுப்பினேன் என்று இப்போது அவளுக்கும் தெரிந்திருக்கும். இனி அவள் என் முகத்தைப் பார்ப்பாளா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "புதன். இடது பக்கம், ஜன்னல் இருக்கை. ஏழு இல்லை என்று தம்பி சொன்னார். நிம்மதி." அக்கா எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார்.

அக்காவைக் கொல்ல நான் திட்டம் போட்டேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். அப்படி எழுத என்னால் முடியாது. எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. அவர் தந்த ரிவெட் இன்றைக்கும் என் சாவிக் கொத்தில் தொங்குகிறது. மகளின் பெயரை அடித்ததும் ஓர் இருக்கை காலியாகிவிட்டது. அதை வீணாக்க மனம் வரவில்லை.