ஹமீதா குறைத்துவைத்த காற்று

சபையோருக்கு வணக்கம். மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். நான் சின்னம்மா. பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டி இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன், என் பேரன் பிறந்த அன்று, பிரசவ அறையில் யார் யார் இருந்தார்கள்? முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வலியில் கிடந்த என் மகள் காமினி. அவள் புருஷன் குகன். குகனின் தாய்மாமன், மாக் மண்டினில் காஸ் சிலிண்டர் வியாபாரம் செய்யும் மோகனராஜ். பெயர் சொன்னால் வழக்கு வரும் என்பதால் பெயரில்லாமல் ஒரு டாக்டர். நான். அப்புறம், இன்று படமாகிவிட்ட நம் தாதி ஹமீதா.

குழந்தையின் நாடி இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். குகன் கையெழுத்துப் போடக் குனிந்தான். மோகனராஜ் அவன் பேனாவைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"ராகு காலம் முடியட்டும்லா. தலைப்பிள்ளைடா! ஜாதகம் கெட்டுப்போனா யாரு பொறுப்பு?"

"மாமா, ஹார்ட்பீட் இறங்குதாம்..."

"எல்லா டாக்டரும் அப்படித்தான் பயமுறுத்துவான்."

ஹமீதா மட்டும் எதிர்த்து நின்றாள். "அண்ணே, ராகு காலம் உங்களுக்கு. உள்ள இருக்கிற புள்ளைக்கு மூச்சுதான் காலம்."

கேட்டார்களா? கேட்கவில்லையே!

ராகு காலம் முடிந்த பிறகுதான் பேனா திரும்பி வந்தது, ஆபரேஷன் நடந்தது. என் பேரன் தனேஷ் நீலமாகப் பிறந்தான். அழவில்லை. ஹமீதா அவன் முகத்தில் மூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சை வரவழைத்தாள். வந்த பிறகு என்ன செய்தாள் தெரியுமா? ஆக்சிஜன் திருகைக் குறைத்தாள்! வெளியே நின்ற நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா, காத்துக்குக்கூடவா கஞ்சத்தனம்? முழுசாத் திற!"

"திறக்கச் சொல்லுங்கக்கா! லாரி லாரியா சிலிண்டர் இறக்குறேன்" என்றார் மோகனராஜ்.

அவள் திரும்பவே இல்லை. "மூச்சு வந்திடுச்சு, பாட்டி. இனி அளவுக்கு மேல குடுத்தா அதுவே கெடுதல்."

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, பச்சைப் பிள்ளையைக் குளிர்ந்த மெத்தையில் கிடத்தினார்கள். மூளைக் காயம் பரவாமலிருக்க என்றாள் ஹமீதா. நான் நம்பவில்லை. எதையோ மூடி மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். வந்த டாக்டர்களிடமெல்லாம் தனித்தனியாக, மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒருவராவது உளறவில்லையே! எல்லார் வாயிலும் ஹமீதா சொன்னதே வந்தது. அன்றுதான் அவளை நம்பினேன். என்னிடம் நம்பிக்கை வாங்கியவர்கள் அதிகம் பேர் இல்லை, சபையோரே!

தனேஷுக்கு மூளையில் காயம் தங்கிவிட்டது. அவனுக்கு இரண்டு வயதானபோது மோகனராஜ் ஆள் படுக்கும் ஆக்சிஜன் தொட்டி வைத்துக் கடை திறந்தார். உள்ளே படுக்கவைத்தால் மூளை சரியாகிவிடுமாம்!

ஹமீதா சொன்னாள்: "பழைய காயம் அதுல ஆறும்னு யாரும் நிரூபிக்கல, பாட்டி. நல்லான புள்ளைய ஒருக்கா கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பார்ப்போம்."

கேட்டேன். இன்றுவரை மோகனராஜ் ஒரு பிள்ளையையும் கூட்டிவரவில்லை.

அவளோ இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் பாகான் டாலாமில் ஓர் அறை பிடித்தாள். ஒரு பாய், நாலு தலையணை. இதோ வாசலோரம் நாற்காலியில் இருக்கிறானே தனேஷ், அவன் கழுத்து நின்றது அங்கேதான். புரையேறாமல் மைலோ குடிக்கப் பழகியதும் அங்கேதான். நடக்கவைப்பேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் சொன்னதையெல்லாம் செய்ய முடிந்தது!

இப்போது இந்தப் பேனரைப் பாருங்கள். ஹமீதாவின் படம் உள்ளங்கை அளவு. மோகனராஜ் கம்பெனியின் பெயர் கதவளவு. ஏன்? சற்று முன் அவரே சொன்னார்: அந்த அறையை அவர் எடுத்து நடத்துவாராம், தொட்டிகள் இறக்கி 'ஹமீதா ஆக்சிஜன் நிலையம்' என்று பெயர் வைப்பாராம். நீங்களும் கைதட்டினீர்கள்! அவள் எதை வேண்டாம் என்றாளோ, அதன் மேலேயே அவள் பெயரா?

ஹமீதாவின் அக்கா ஹாஜரா இன்று காலையில் அறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இதோ, என் இடுப்பில்.

ஹமீதா! திங்கட்கிழமை உன் கதவு திறக்கும். பாய் விரிக்கப்படும். பிள்ளைகள் வருவார்கள், தொட்டி வராது. இது உன் படத்தின் முன் நான் செய்யும் சத்தியம்.

குகனை மன்னித்துவிட்டேன், பெரியவர் பேச்சுக்கு நடுங்கிய பிள்ளை. கையெழுத்துக்காகக் காத்து நின்ற டாக்டர் விஷயத்தை இன்னும் யோசிக்கிறேன். ஆனால் அன்று பேனாவைப் பிடுங்கியவர், இன்றும் சட்டைப் பையில் பேனாவோடு இந்த மேடையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

மோகனராஜ்.