நல்லமுத்துக் கவுண்டர் பிடித்த ஏரியல்

– கையை எடுத்துராதீங்க கவுண்டரே! எடுத்தீங்கன்னா திருச்சி ஸ்டேஷன் அப்படியே செத்துப்போயிரும்.

– எடுக்கலடா மாணிக்கம். மூக்கு அரிக்குது, சொரிஞ்சுக்கலாமா? இல்ல அதுக்கும் கவர்மெண்டுல பர்மிஷன் வாங்கணுமா?

– இடது கையில சொரிஞ்சுக்குங்க. வலது கை கம்பத்துலயே இருக்கட்டும். மூஞ்சி கிழக்காலயே பாக்கட்டும்ங்க. பஞ்சாயத்து ஊட்டுப் பக்கம் மட்டும் திரும்பிராதீங்க.

– திரும்பினா?

– அலை உங்க முதுகுல முட்டித் திருச்சிக்கே திரும்பிப் போயிரும்ங்க.

– முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்து எங்க மலைநாட்டுப் பஞ்சாயத்து ரேடியோவைக் கட்டி மேய்க்கறவன் நீ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா என்னைய எதுக்குடா கொல்லைப்புறமாக் கூட்டிக்கிட்டு வந்தே?

– முன்வாசல்ல சாணி கெடந்துதுங்க.

– சாணிக்குப் பயந்தவனா நானு? சரி, அதை வுடு. நேத்து வரைக்கும் மூங்கில்ல நின்ன ஏரியலுக்கு இன்னிக்கு என்னத்துக்குப் புதுக் கம்பம்?

– மூங்கிலு காத்துல ஆடுதுங்க. அது ஆடினா பாட்டும் ஆடுது.

– இதுல பால் வடியுதே. பச்சை ஆலங்கொம்பாட்ட இருக்குது.

– பச்சை மரம்தாங்க அலையை நல்லா இழுக்கும். ஈரம் பாருங்க.

– மஞ்சத்துணி கட்டியிருக்குது?

– எறும்பு ஏறாம இருக்கறதுக்குங்க.

– மாவிலை?

– அதுவும்... எறும்புக்குத்தானுங்க.

– நல்லாப் படிச்ச எறும்பா இருக்கும்போல. ஒண்ணு சொல்லு கண்ணு. திருச்சி எங்கயோ கெடக்குது. நடுவுல இம்மாம் பெரிய மலை. அங்க பாடற சத்தம் எப்படிடா தாண்டி வருது?

– சத்தம் வரலீங்க, அலை வருது. கொளத்துல கல்லைப் போட்டா வட்டம் வட்டமாப் போவுதுங்களே, நடுவுல ஒரு பாறை இருந்தா அங்கயே நின்னுக்குதா? ஓரமா வளைஞ்சு பாறைக்குப் பின்னாலயும் போயிருது. ரேடியோ அலையும் அப்படித்தான் பாருங்க, மலையை வளைச்சுக்கிட்டு வருது.

– கல்லு போட்ட எடத்துத் தண்ணி கரைக்கு வர்றதில்லையே? சருகு மெதந்தா அங்கயேதானே மேலயும் கீழயும் ஆடுது.

– அதேதானுங்க! தண்ணி நின்ன எடத்துலயே நிக்குது, ஆட்டம் மட்டும் போவுது.

– கவர்மெண்டு மாதிரின்னு சொல்லு. ஆளு ஆபீசுலயே கெடப்பான், உத்தரவு மட்டும் மலையேறி வரும்.

– அப்படியும் வெச்சுக்கலாமுங்க. அந்த அலை முழுசா எறங்கணும்னா உங்க கை பட்டாத்தான் உண்டு. இந்த வாழவந்தி நாட்டுல வேற யாரு தொட்டாலும் கர்ருங்குது.

– அதைக் கேட்டுத்தானே அந்தச் சின்னுசாமிப்பய சந்தையில நின்னுக்கிட்டுச் சொன்னான், ‘நல்லமுத்து எதுக்கு, ஒரு கழுதையைக் கொண்டாந்து கட்டினாலும் ரேடியோ பாடும்’னு. நாடே சிரிச்சுதுடா. பொம்பளைங்கெல்லாம் கூடச் சிரிச்சாங்க.

– வுடுங்க கவுண்டரே. சம்பந்தி ஆவவேண்டிய மனுசன்...

– எவன்டா சம்பந்தி? அவன் மவன் குழந்தைவேலுக்கும் என் பொண்ணு பழனியம்மாளுக்கும் கல்யாணம்னா, அதுக்குப் பந்தக்காலைத் தொடமாட்டேன்னு பெரியசாமி கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறேன். பொண்ணைப் பெத்தவன் பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு நிக்காம எங்க நாட்டுல எவன் தாலி கட்டுவான்? கட்டினாலும் அது தாலி இல்ல, மாட்டுக் கவுறு.

– பொண்ணு அன்னையிலிருந்து அழுதுக்கிட்டே இருக்குதுங்களே.

– எனக்குத் தெரியாதா? வாயில முந்தானையை வெச்சு அமுக்கிக்கிட்டுத்தான் அழுவறா. அப்படியும் செவுத்தைத் தாண்டி எனக்குக் கேக்குது. ஆனா சத்தியம் பண்ணிப்புட்டேனே, இனி என்ன எழவைச் செய்யறது? பேசாம ரேடியோவைப் பாரு... அட, நாயனம் ஆரம்பிச்சுட்டான்.

– ஆமாங்க! ஆமாங்க! கச்சேரிங்க. திருச்சியிலிருந்துங்க.

– நம்ம ராசப்பன் ஊதறாப்பலயே இருக்குதே. அவனுக்கும் அந்த எடத்துலதான் மூச்சு வாங்கும்.

– எந்த வித்துவானுக்கும் மூச்சு வாங்கறதுதானுங்களே.

– தவுலு அடிக்கறப்பெல்லாம் கம்பம் உள்ளங்கையில அதிருது. ரேடியோ அலை கைக்குத் தெரியாது, காதுக்கும் தெரியாது, பொட்டிக்கு மட்டும்தான் தெரியும்னு நீதானே அன்னிக்குச் சொன்னே?

– இன்னிக்கு வர்றது கொஞ்சம் முரட்டு அலைங்க.

– எதிர்மலையிலிருந்து எதிரொலி வேற வருது கேளு. இங்க டம்முங்குது, கொஞ்சம் பொறுத்து அங்க டம்முங்குது. இத்தனூண்டுப் பொட்டிக்கு இம்மாந்தொண்டையா?

– சத்தமும் அலைதானுங்க. பாறையில முட்டித் திரும்பி வருது பாருங்க...

– திரும்பி வர்றதை இந்த மலையில பொறந்தவனுக்கே சொல்லித் தர்றயா? பொட்டி அவ்வளவு தூரம் கத்துமான்னுதான் கேக்கறேன்.

– கவுண்டரே, தொண்டை வறண்டு போச்சுங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாரேன்.

– நில்லுடா. நீ போயிட்டா அலையை யாரு பாத்துக்கறது?

– மாமா! கையை எடுத்துராதீங்க மாமா!

– வாடி சின்னாயி. நீயும் அலை பாக்க வந்துட்டயா? கையில என்ன, மஞ்சளரிசியா? இதுவும் எறும்புக்கா?

– இனிமே மறைக்க முடியாதுங்க. முன்வாசல்ல பந்தலுங்க. இங்க கொல்லையில நீங்க புடிச்சிருக்கறது அதோட பந்தக்காலுங்க. குழந்தைவேலு ரெண்டு முடிச்சுப் போட்டாச்சு. மூணாவது முடிச்சுக்கு நம்ம பொண்ணு பழனியம்மா குறுக்க கையை வெச்சுட்டா. ‘எங்கப்பனை ஏமாத்திக் கட்டற தாலி எனக்கு வேண்டாம். போயி உள்ளதைச் சொல்லு. கையை எடுத்துட்டாருன்னா நான் கழட்டிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்துடறேன்’னு சொல்லிப்புட்டா.

– அப்படியா சொன்னா?

– ஆமாங்க. ஊரே உங்க பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு நிக்குது.

– மாணிக்கம், அப்ப ரேடியோ?

– மன்னிச்சுக்குங்க கவுண்டரே. அது உள்ளார ஊமையாக் கெடக்குதுங்க. அதைச் சத்தமா வெச்சு மேளத்தை அமுக்கிரலாம்னுதான் யோசனை. தலைச்சுமையா மலையேத்தின பேட்டரியை எவனோ களவாணிப்பய தூக்கிட்டுப் போயிட்டான். அதனால மேளத்தையே ரேடியோன்னு சொல்லவேண்டியதாப் போச்சு.

– சின்னாயி, அவகிட்டப் போயிச் சொல்லு. பெரியசாமி மேல பண்ணின சத்தியம் அப்படியேதான் இருக்குது. நான் பந்தக்காலைத் தொடல. நான் புடிச்சிருக்கறது ஏரியலு. இதோ, மாணிக்கமே சாட்சி. ஆனா கையை எடுக்கமாட்டேன்னு சொல்லு.

– மாமா...

– ஏன்டி என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறே? கண்ணுல தூசி. ஓடு, நல்ல நேரம் போயிரப் போவுது. அந்தச் சின்னுசாமியை மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. கழுதை பக்கத்துல நின்னா அலை வராது.

– ஓடிட்டாங்க... கவுண்டரே, உங்களுக்கு எப்பத்துல இருந்துங்க தெரியும்?

– சின்னாயி தூக்கத்துல பொலம்பறவடா. பாயில படுத்துக்கிட்டே பந்தல் போட்டு, பந்தியும் வெச்சு முடிச்சுட்டா. செத்த பேசாம இரு. கெட்டிமேளம்... கேட்டயா? எதிர்மலையும் சேந்து அடிக்குது பாரு. இதைக் கேக்கற நேரத்துல உன் பொட்டி குறுக்கால கர்ரு புர்ருன்னு கத்தினா எனக்குப் பொறுக்குமா? பேட்டரி என் ஊட்டுப் பரண்மேல சாமை மூட்டைக்கு அடியில இருக்குது, சாயங்காலம் வந்து தூக்கிக்கிட்டுப் போ.