ஆறு சிப்பாய்களும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும்

காட்டுப்பன்றி இறைச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஃபாதர். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த வாடை போகாது. துப்பாக்கி லைசென்ஸ் என் பேரில் இருக்கிறதே என்றுதான் வேட்டைக்குப் போவேன். என் பங்கை யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ரோசரியின் அண்ணன் மரியஜோசப்புக்கு முப்பதாம் நாள் பூசை. சுட்டவன் இந்தக் கஸ்பார், நான்தான், என்று ஈப்போவில் எல்லாருக்கும் தெரியும். பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டான், பாவம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அன்றைக்கு ரோசரி பக்கத்தில் நின்று நான் நற்கருணை வாங்காவிட்டால் கோயில் முழுக்கப் பேச்சாகிவிடும். அவள் தாங்கமாட்டாள். அதனால் எனக்குப் பாவமன்னிப்பு வேண்டும். ஒளிக்காமல் சொன்னால்தான் மன்னிப்பு செல்லும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். நீங்கள் வெளியே சொல்லக் கூடாது என்பதையும் அங்கேதான் படித்தேன்.

போன வருடம், எண்பத்தாறில், ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். டிவியில் மாட்டுவது. அதற்கு விளையாட்டெல்லாம் காசெட்டில் வரும், நாம் பாட்டு கேட்கிற அதே காசெட். அதில் ஒன்று, ஆறு சிப்பாய்களைக் காட்டுக்குள் நடத்திப் போகிற விளையாட்டு. சும்மா சுட்டுக்கொண்டே ஓடுவது இல்லை. யார் முன்னால் போவது, யார் படுத்துக் காத்திருப்பது என்று யோசித்து யோசித்துச் செய்ய வேண்டும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். சண்டை முடிந்ததும் ஆட்களை ஒரு வெற்றுக் காசெட்டில் பதிந்து வைத்துக்கொண்டால் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம்.

பெயர் நாமே வைக்கலாம். நான் பிறந்த சுங்காய் தோட்டத்து ஆட்கள் பெயரை வைத்தேன். பழனியப்பன், சதாசிவம், பத்துமலை, உடையப்பன், சன்னாசி. ஆறாவது ஆளுக்குப் பெயர் தோன்றவில்லை. எங்களோடு தங்கியிருந்த மரியஜோசப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பேரப் போடுங்க மச்சான். நா முன்னாடி போறேன்."

போட்டேன். சிப்பாய் மரியஜோசப் சொன்ன சொல் தவறாமல் முன்னாலேயே போனான். தங்கமான பையன். மாதக்கணக்கில் ஆறு பேரில் ஒருவனையும் நான் சாகவிடவில்லை. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போதுகூட அவர்கள் நினைப்புதான்.

"சோறு காஞ்சி போவுதுங்க. அந்த ஆறு பேத்துக்கும் சேத்து ஆக்கட்டுமா?" என்பாள் ரோசரி.

அவள் பிறந்தநாள் வந்தது. மச்சான் யாரிடமும் சொல்லாமல் வானொலிக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். அறிவிப்பாளர் ரோசரி பெயரை வாசிக்கத் தொடங்கியதும் மேசைமேல் கிடந்த காசெட்டை எடுத்துப் போட்டுப் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டார். நான் வேலை முடிந்து வருகிறேன், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மச்சான், ரேடியோல ரோசரி பேரு வந்துருச்சு லா. அவசரத்துக்குக் கையில கெடச்ச காசெட்டப் போட்டேன். என்னா தெளிவா ஏறியிருக்கு, கேளுங்களேன்."

முகமெல்லாம் சிரிப்பு. ரோசரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பாட்டை முழுதாகக் கேட்டேன். நல்ல பாட்டு.

அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, ஃபாதர். கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் ஆட்களைப் பதிந்திருந்த காசெட் அது, பாட்டு ஏறியதில் அவர்கள் அழிந்துபோனார்கள் என்று தெரிந்ததும் அவரே வந்து, "சாரி மச்சான். கேம்தானே, மறுபடி மொதல்லேருந்து ஆடுங்க" என்றார். கேம்தானே. அதைப் பல நாள் யோசித்துப் பார்த்தேன். ஆறு பேர் போயிருக்கிறார்கள். யாராவது பொறுப்பேற்க வேண்டாமா? எந்தப் பட்டாளத்திலும் அதுதானே முறை.

சுங்காய் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள். பன்றிகள் கன்றுகளை நாசம் செய்கின்றன. ஞாயிறு பூசை முடிந்ததும் சேர்ந்து போவோம். சிலர் உள்ளே நுழைந்து தகரம் தட்டி விரட்டுவார்கள், துப்பாக்கிக்காரன் வெளியே காத்திருப்பான். தகரம் தட்டுவது பன்றிக்காக மட்டும் இல்லை. ஆள் எங்கே வருகிறார் என்று துப்பாக்கிக்காரனுக்குத் தெரிய வேண்டும். வேட்டைக்கே வந்திராத மச்சானுக்கு அது தெரியாது. நான்தான் அவரைக் கூப்பிட்டேன்.

"நா எந்தப் பக்கமா வரணும் மச்சான்?"

"வாய்க்கா வழியா வாங்க. தண்ணி இல்ல. தகரம் தட்ட வேணாம்."

"பன்னி வந்துட்டா?"

"அதான் நா இருக்கேன்ல."

"சரி லா" என்று சந்தோஷமாகப் போனார்.

பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் வந்திருந்தார். ரோசரி இஸ்திரி போட்டுக் கொடுத்தது. செம்பனை நிழலில் அது பளிச்சென்று தெரிந்தது. முகமும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினார். நான் சுட்டேன்.

ஆமாம், தெரிந்துதான். நீங்கள் மெதுவாகக் கேட்டாலும் எனக்குக் காது கேட்கிறது, ஃபாதர்.

சட்டையைக் கவனிக்கவில்லை, புதர் அசைந்தது, பன்றி என்று நினைத்தேன் என்று போலீசில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டி, "சபார் லா" என்று ஆறுதல் சொன்னார். ரோசரிதான் பாவம். "ஒங்க மேல தப்பு இல்லீங்க" என்று எனக்கே தைரியம் சொல்கிறாள். சாயங்காலமானால் அந்தக் காசெட்டைப் போட்டுவிடுவாள். அண்ணன் அனுப்பிய வாழ்த்து, பாட்டு, அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். என் ஆட்களில் அழியாமல் மிஞ்சியது அவ்வளவுதான். அது வந்ததும் என்னால் முடியாது, உடைந்து அழுதுவிடுவேன். ரோசரி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொள்வாள்.

மச்சான் விஷயத்தைச் சொன்னது உங்களுக்குக் கோர்வையாக விளங்க வேண்டுமே என்றுதான். அது முறைப்படி நடந்தது. பாவம் என்று நான் அறிக்கையிட வந்தது வேறு. அந்தக் காசெட்டின்மேல் நான் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் மச்சான் தொட்டிருக்கவேமாட்டார், அவர் அப்படிப்பட்டவர். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். என்னை நம்பி வந்த ஆறு பேரும் என் சோம்பலால் செத்தார்கள். அதற்கு முழு மனதோடு வருந்துகிறேன், ஃபாதர். என்ன அபராதம் கொடுத்தாலும் செய்கிறேன்.