கழற்றிப் பார்த்த தலை

லாசால் தரிப்பில் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மனதுக்குள் தேவாரம் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் ஒருவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அமெரிக்கன் பிரெஞ்சுக்காரன்ரை தலையைக் கழட்டிப் பார்த்துத்தான் படிச்சவன்."

சிவசிவா, தேவாரம் நின்றுவிட்டது.

"ஆரின்ரை தலையப்பா?"

"ரேஸ் காரின்ரை எஞ்சின் தலை, எஞ்சினுக்கு மேலை இருக்கிற மூடி. நூறு வருசத்துக்கு முந்தி பிரெஞ்சுக் கார் அமெரிக்காவிலை போய் வெண்டது. அவங்கள் அதைப் பார்த்து, அதைவிடத் திறமாச் செய்தவங்கள்."

"கள்ளர். என்ரை தங்கச்சி மாதிரி. என்ரை மரக்கறி ரோல்ஸைப் பார்த்துச் செய்து, கடையும் போட்டிட்டாள். மூன்று மாசமா நான் அவளோடை கதைக்கேல்லை."

"கேளுமன். பேந்து பிரான்சிலை ஒருத்தன் அமெரிக்கன்ரை காரை வாங்கி, கழட்டிப் பார்த்து, அதைப்போலத் தானும் செய்தவன்."

"சண்டை பிடிக்கேல்லையே?"

"ஏன் பிடிக்கிறான்? ரெண்டு பேரும் வெண்டவை."

அடுத்த தரிப்பில் பஸ் நின்றது. அந்த அம்மா போனை எடுத்தார்.

"தங்கச்சி, அக்கா கதைக்கிறன். உன்ரை ரோல்ஸிலை ஆறு எடுத்து வை. ஓம், நானே வாறன். சாப்பிட இல்லையடி, கழட்டிப் பார்க்க."